டோரதி ஆண்டர்சன்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குப் பெயர் கொடுத்த டாக்டர், கைக்குழந்தையின் நுரையீரலை இன்று எப்படி அளக்கிறார்கள்?

ஆபீஸில் சேரும்போது மெடிக்கல் செக்கப் போயிருப்பீர்கள். ஆஸ்துமா இருந்தால் இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரு குழாயை வாயில் வைத்து, மூக்கை கிளிப் போட்டு மூடி, நல்லா மூச்சை இழுங்க, ஒரே மூச்சில் முழுசா ஊதுங்க என்பார்கள். அந்த டெஸ்ட்டின் பெயர் ஸ்பைரோமெட்ரி. அதற்கான கருவியை 1840களில் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கினார். இன்றுவரை நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க உலகம் முழுக்க முதலில் செய்யும் டெஸ்ட் இதுதான்.

இதையே மூன்று மாதக் குழந்தைக்குச் செய்யணும்னா? குழந்தையிடம் ஊது என்று சொல்ல முடியாது. மூச்சு முட்டுகிறது என்று குழந்தையாலும் சொல்ல முடியாது. ஆனால், நுரையீரலில் என்ன நடக்கிறது என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டாக வேண்டிய ஒரு நோய் இருக்கிறது. அதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

1938 வரை அப்படி ஒரு நோய் இருப்பதாகவே மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கவில்லை. குழந்தைகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஃபைலில் மட்டும் வேறு பெயர் எழுதப்பட்டது. அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் டோரதி ஹான்சின் ஆண்டர்சன். அவர் யார், என்ன செய்தார், அதற்கும் இன்று கைக்குழந்தைகளுக்குச் செய்யப்படும் டெஸ்ட்டுக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த டோரதி ஆண்டர்சன்?

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாகாணத்தில் உள்ள ஆஷ்வில் நகரில் 1901 மே 15 அன்று பிறந்தார். அப்பா டேனிஷ் வம்சாவளி. அம்மாவுக்கு உடல்நிலை எப்போதும் சரியில்லை. டோரதிக்கு 13 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை. படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தது.

இருவரும் வெர்மான்ட் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். டோரதி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1920இல் அம்மாவும் இறந்தார். 19 வயதில், நெருங்கிய சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளே இல்லாத நிலை.

ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. 1922இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியலும் வேதியியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1926இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். அங்கே படிக்கும்போதே ஃபுளோரன்ஸ் சாபின் என்ற புகழ்பெற்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்து ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டார்.

அவருக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று ஆசை. ரோச்செஸ்டரில் ஒரு வருடம் பயிற்சி டாக்டராகவும் இருந்தார். அடுத்த கட்டப் பயிற்சிக்கு இடம் கேட்டபோது கிடைக்கவில்லை. காரணம், அவர் பெண் என்பது.

அதனால் 1929இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நோயியல் துறைக்குப் போனார். இறந்தவர்களின் உடலையும் திசுக்களையும் ஆராய்ந்து, என்ன நோய், ஏன் இறந்தார் என்று கண்டுபிடிக்கும் துறை அது. 1935இல் கொலம்பியாவின் குழந்தைகள் மருத்துவமனையான பேபீஸ் ஹாஸ்பிட்டலில் நோயியல் மருத்துவராகச் சேர்ந்தார்.

அந்த ஒரு குழந்தை

அங்கே ஒரு நாள் ஒரு குழந்தையின் பிரேதப் பரிசோதனை அவரிடம் வந்தது. நோயின் பெயர் சீலியாக் என்று ஃபைலில் இருந்தது. சாப்பாடு உடம்பில் ஒட்டாமல், வயிறு உப்பி, எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் போய், குழந்தை மெலிந்துகொண்டே போனால் அன்றைய டாக்டர்கள் பெரும்பாலும் சீலியாக் என்றுதான் எழுதுவார்கள்.

ஆண்டர்சன் உடலைத் திறந்து பார்த்தார். பிரச்சினை கணையத்தில் இருந்தது. வயிற்றின் பின்பக்கம் இருக்கும் கணையம்தான் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. அந்தக் குழந்தையின் கணையத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். சுற்றிலும் தழும்பு போல இறுகிப்போன நார்த்திசு. சீலியாக் நோயில் கணையம் இப்படி ஆகாது.

ஒரு விதிவிலக்கு என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் பழைய ஃபைல்களை எடுத்து உட்கார்ந்தார். சீலியாக் என்று பதிவாகி இறந்த குழந்தைகள், அவர்களுடைய திசு மாதிரிகள், மற்ற மருத்துவமனைகளின் பதிவுகள், ஏற்கெனவே அச்சில் வந்த கட்டுரைகள் என்று தேடிக்கொண்டே போனார். கணையத்தில் அதே பாதிப்பு உள்ளவர்களை மட்டும் தனியாகப் பிரித்தார்.

மொத்தம் 49 பேர் தேறினார்கள்.

டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். தப்பான தலைப்பின் கீழ் விழுந்துவிட்ட தகவல் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் திறந்து பார்த்து, வேறு கேள்வி கேட்டுப் பிரித்தால்தான் வெளியே வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், நுண்ணோக்கியையும் காகித ஃபைல்களையும் வைத்துக்கொண்டு ஆண்டர்சன் செய்தது அதைத்தான்.

49 பேரை வைத்து அவர் என்ன சொன்னார்?

இறந்த வயதை வைத்துப் பிரித்தபோது ஒரு வரிசை தெரிந்தது.

• சில குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே குடல் அடைத்து இறந்திருந்தார்கள்.
• சிலர் ஆறு மாதம் ஆவதற்குள் நுரையீரல் தொற்றில் இறந்திருந்தார்கள்.
• அதையும் தாண்டியவர்கள் சீலியாக் போன்ற அறிகுறிகளோடு வளர்ந்து, பிறகு இறந்திருந்தார்கள். அவர்களிலும் பலருக்கு முடிவு நுரையீரலில்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்று வெவ்வேறு நோய். உள்ளே பார்த்தால் ஒன்றுதான். 1938இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கணையத்தில் பார்த்த நீர்க்கட்டியையும் நார்த்திசுவையும் வைத்து அவர் வைத்த பெயர்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சுவிட்சர்லாந்தின் குய்டோ ஃபான்கோனி 1936இல் இதே போன்ற சில குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால், இத்தனை பேரை ஒன்றாக வைத்து, இது தனி நோய் என்று நிறுவியது ஆண்டர்சனின் கட்டுரை.

ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு தப்பாகவும் போனது. செரிமானம் கெட்டதால் வைட்டமின் ஏ குறைகிறது, அதனால் நுரையீரல் கெடுகிறது என்று ஆரம்பத்தில் நினைத்தார். தொடர்ந்து குடும்பங்களை ஆராய்ந்த பிறகு, 1946இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணு நோய் என்ற முடிவுக்கு வந்தார்.

நோய் உடம்பில் என்னதான் செய்கிறது?

நம் செல்களின் மேல் உப்பையும் தண்ணீரையும் உள்ளேயும் வெளியேயும் விடும் வாசல்கள் உண்டு. அதில் ஒரு வாசலைக் கட்டும் மரபணுவின் பெயர் சிஎஃப்டிஆர். அது பழுதாகிவிட்டால் உப்பு சரியாக நகராது, கூடவே தண்ணீரும் நகராது. நுரையீரலிலும் கணையத்திலும் குடலிலும் இருக்கும் வழுவழுப்பான திரவம் பசை மாதிரி கெட்டியாகிவிடும்.

கணையத்தில் அது குழாயை அடைக்கும். நொதி வெளியே வராது, சாப்பாடு செரிக்காது. நுரையீரலில் சளி வெளியேறாமல் தங்கும். அதில் கிருமி குடியேறும். தொற்று, வீக்கம், தழும்பு, மறுபடியும் தொற்று. இந்தச் சுழற்சிதான் உயிரை வாங்குகிறது.

இந்த மரபணு 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்டர்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

உயிரோடு இருக்கும் குழந்தையிடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டர்சனுக்கு முன்னால் இருந்த அடுத்த சிக்கல் இதுதான். பிணவறையில் கிடைக்கும் பதில் அந்தக் குழந்தைக்கு உதவாது.

அவர் பயிற்சி பெற்றது நோயியலில். குழந்தை மருத்துவம் அவர் துறையே கிடையாது. ஆனாலும் வார்டுக்குப் போனார், நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். மெல்லிய குழாயைக் குழந்தையின் சிறுகுடல் வரை செலுத்தி, அங்கிருக்கும் திரவத்தை எடுத்து, கணைய நொதி இருக்கிறதா என்று பார்க்கும் முறையைப் பயன்படுத்தினார். நொதி இல்லையென்றால் சந்தேகம் உறுதி. குழந்தைக்குச் சுகமான டெஸ்ட் இல்லைதான். ஆனால், இறப்பதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்ல அன்றைக்கு அதுதான் வழி.

பெயர் தெரிந்தால் சிகிச்சையும் தொடங்கலாம். கொழுப்பு குறைந்த, சத்து அதிகமான உணவு, விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதி, அப்போதுதான் வந்திருந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் என்று ஒரு சிகிச்சை முறையை அவரும் சக மருத்துவர்களும் உருவாக்கினார்கள். உடன் வேலை செய்த பால் டி சான்ட் ஆக்னீஸுடன் சேர்ந்து, பென்சிலினை மூச்சு வழியாகவே உள்ளே அனுப்பிப் பார்த்தார்.

1948 வெயிலும் உப்பு வியர்வையும்

1948 ஆகஸ்டில் நியூயார்க்கைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வெயிலில் சுருண்டு விழுந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை ஆண்டர்சனும் சக மருத்துவர் வால்டர் கெஸ்லரும் கவனித்தார்கள். 1951இல் அதை எழுதினார்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும்தான் வியர்க்கிறது. இவர்கள் மட்டும் ஏன் விழ வேண்டும்? பதில் 1953இல் டி சான்ட் ஆக்னீஸின் குழுவிடமிருந்து வந்தது. இந்தக் குழந்தைகளின் வியர்வையில் மற்றவர்களைவிடப் பல மடங்கு உப்பு வெளியேறுகிறது. உடம்பிலிருந்து உப்பு போய்விடுவதால்தான் விழுகிறார்கள். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அதன் பின்னால் இருந்த அறிவியல் இதுதான்.

1959இல் கிப்சன், குக் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தையின் கையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் வியர்வையைச் சுரக்கவைத்து உப்பை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். குடலுக்குள் குழாய் விட வேண்டிய அவசியம் போனது. இன்றும் நோயை உறுதிசெய்ய முதன்மையான டெஸ்ட் இந்த வியர்வைப் பரிசோதனைதான்.

ஆய்வகத்துக்கு வெளியே

ஆண்டர்சன் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு நிற்கவில்லை. பிறவியிலேயே கோளாறுள்ள குழந்தை இதயங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். திறந்த இதய அறுவை சிகிச்சை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அறுவை சிகிச்சை நிபுணர்கள் இதயத்தின் அமைப்பை அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு இடம் மறுக்கப்பட்டவரிடம்தான் அவர்கள் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1956இல் கல்லீரலைப் பாதிக்கும் ஓர் அரிய நோயையும் விவரித்தார். அது இன்றும் ஆண்டர்சன் நோய் என்றே அழைக்கப்படுகிறது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. நியூஜெர்சி மலைப் பகுதியில் அவருக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. மரவேலை, கட்டட வேலை எல்லாம் தானே செய்வார். மலையேறுவார், படகு ஓட்டுவார். சரியாக உடுத்துவதில்லை, தலைமுடி கலைந்தே இருக்கிறது, பெண் மாதிரி நடந்துகொள்வதில்லை என்று கூட வேலை செய்தவர்களில் சிலர் குறை சொன்னார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. முழுப் பேராசிரியர் பதவி 1958இல்தான் கிடைத்தது. உலகப் புகழ் தந்த கட்டுரை வந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் நிறையப் புகைபிடிப்பவர். 1963 மார்ச் 3 அன்று, 61 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

சரி, கைக்குழந்தையின் மூச்சை எப்படி அளக்கிறார்கள்?

ஆண்டர்சன் காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூட வயதைத் தொடவில்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் நடுத்தர வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். பல நாடுகளில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நோய் இருக்க வாய்ப்புண்டா என்று பார்த்துவிடுகிறார்கள். அதனால் ஒரு புதுக் கேள்வி வந்தது. வெளியே நன்றாக விளையாடும் மூன்று மாதக் குழந்தையின் நுரையீரல் உள்ளே எப்படி இருக்கிறது?

இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, காற்று நிரப்பும் ஜாக்கெட். குழந்தையை மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி ஒரு ஜாக்கெட் போடுவார்கள். முகத்தில் மாஸ்க். அதன் வழியாக நுரையீரலை மெதுவாக நிரப்பிவிட்டு, ஜாக்கெட்டில் சட்டென்று காற்றை ஏற்றுவார்கள். அது நெஞ்சை அழுத்தும், உள்ளிருக்கும் காற்று வேகமாக வெளியே வரும். குழந்தை ஊதுவதற்குப் பதிலாக ஜாக்கெட் ஊதவைக்கிறது, அவ்வளவுதான். வெளிவரும் காற்றின் வேகம் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழிக்கு வீட்டில் சாம்பிராணி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புகை நிறைந்த பிறகு ஜன்னல்களைத் திறந்தால், எல்லா அறையிலும் காற்று ஓடினால் சீக்கிரம் புகை போய்விடும். ஒரு அறையின் கதவு பாதி அடைத்திருந்தால் அங்கே மட்டும் புகை தங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். நுரையீரலிலும் இதையேதான் செய்கிறார்கள். தூங்கும் குழந்தைக்கு மாஸ்க் வழியாகத் தீங்கில்லாத ஒரு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து, பிறகு சாதாரணக் காற்றுக்கு மாற்றுவார்கள். அந்த வாயு 40இல் ஒரு பங்காகக் குறைவதற்கு, நுரையீரலின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு காற்று வந்துபோக வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அந்த எண்ணின் பெயர் லங் கிளியரன்ஸ் இண்டெக்ஸ். எண் கூடினால், எங்கோ சில சின்ன மூச்சுக்குழாய்கள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். குழந்தை சும்மா மூச்சு விட்டால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நாம் ஊதும் ஸ்பைரோமெட்ரியில் முக்கியமாகப் பார்ப்பது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை. பாதிப்பு ஓரளவு முற்றிய பிறகுதான் அது குறையும். சின்னக் குழாய்களில் தொடங்கும் அடைப்பை இந்த இரண்டாவது டெஸ்ட் அதற்கு முன்பே காட்டிவிடுகிறது.

லண்டனில் இப்படி அளந்து பார்த்தபோது, நோய் இருப்பதாக ஸ்கிரீனிங்கில் தெரிந்த குழந்தைகளின் நுரையீரல் செயல்பாடு, வெளிப்படையான அறிகுறி இல்லாத மூன்று மாத வயதிலேயே, சராசரியாக மற்ற குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. நல்ல செய்தியும் உண்டு. சீக்கிரமே சிகிச்சை தொடங்கிய அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வயது ஆகும்போது நிலைமை சராசரியில் மோசமாகிவிடவில்லை. 2012க்குப் பிறகு, பழுதான வாசலையே சரிசெய்ய உதவும் மாத்திரைகள் வரத் தொடங்கின. சின்னக் குழந்தைகளுக்கு அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும் இந்த அளவீடு பயன்படுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இதற்குத் தனி ஆய்வகமும், பழகிய கைகளும், நிறைய நேரமும் வேண்டும். உலகம் முழுக்கவே சில பெரிய மையங்களில்தான் கைக்குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள்.

இந்தியாவில் உங்களுக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர்களின் நோய், இங்கே கிடையாது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அது உண்மை இல்லை. ஐரோப்பாவைவிட இங்கே குறைவு என்றாலும், டெல்லி எய்ம்ஸ், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் சிகிச்சை பெறுகிறார்கள். பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோயைத் தேடும் தேசிய ஸ்கிரீனிங் திட்டம் நம்மிடம் இல்லை. அதனால் பல குழந்தைகளின் ஃபைலில் முதலில் எழுதப்படும் பெயர் டிபி, ஆஸ்துமா அல்லது ஊட்டச்சத்துக் குறைவு. 1930களின் நியூயார்க்கில் சீலியாக் என்று எழுதியதைப் போலத்தான்.

பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மாமா பொண்ணு, அத்தை பையன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் இப்படித் திருமணங்கள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• விட்டு விட்டு வரும் நிமோனியா, எத்தனை மருந்து கொடுத்தும் போகாத சளியும் இருமலும்
• நன்றாகப் பால் குடித்தும், சாப்பிட்டும் எடை ஏறாமல் இருப்பது
• எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு நிறைய மலம் போவது
• தோல் வழக்கத்துக்கு மாறாக உப்புக்கரிப்பது, வியர்வை காய்ந்த இடத்தில் உப்பு படிவது
• வெயில் காலத்தில் அடிக்கடி சோர்ந்து விழுவது

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே இந்த நோய்தான் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். பல அறிகுறிகள் சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் வியர்வைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வியர்வையில் குளோரைடு அளவு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். 30க்குக் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. இடையில் இருந்தால் மரபணு டெஸ்ட்டும் தேவைப்படும்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒரு குழந்தைக்கு மூன்றாவது தடவையாக ஆன்டிபயாடிக் மாற்றி எழுதுகிறார்கள், எடை கார்டில் கோடு மட்டும் மேலே ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இருக்கும் பெயர் சரியானதுதானா, இன்னொரு தடவை பார்க்கலாமா, டாக்டர் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆண்டர்சனும் இந்தக் கேள்வியோடுதான் பழைய ஃபைல்களைத் திறந்தார். அவர் எண்ணிய 49 குழந்தைகளுக்கு அந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது. உங்களுக்குத் தெரிந்த குழந்தைக்கு அப்படித் தாமதமாக வேண்டியதில்லை.